ட்ரீமேப்: பரப்புக்கு ஒரு கணக்கு, நிறத்துக்கு ஒரு கணக்கு

மாத அறிக்கையில் அறுபது உட்பிரிவுகளின் விற்பனையை ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். பட்டை வரைபடம் போட்டால் கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டும். வட்ட வரைபடத்தில் பாதித் துண்டுகள் நூலாக மெலிந்து, எது எந்த நிறம் என்றே தெரியாது. ட்ரீமேப் உதவுவது இங்கேதான். ஒரு செவ்வகம்தான் மொத்தம். அதைப் பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவையும் உட்பிரிவுகளாகவும் பாகம் பிரிக்கிறது. எண் பெரிதென்றால் கட்டமும் பெரிது.

இந்த வரைபடம் பிறந்ததே இப்படியொரு தேவையில்தான். 1990-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி ஹார்டு டிஸ்க் நிரம்பிப் போனது. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எந்தக் கோப்பு என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்க கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் வகுத்த வழி இது. அவருடைய கேள்வி “எங்கே பெரிது?” என்பதுதான், “துல்லியமாக எவ்வளவு?” என்பதல்ல. ட்ரீமேப் இன்றும் நன்றாகப் பதில் சொல்வது முதல் கேள்விக்கே.

எப்போது போடக்கூடாது என்பதை முதலில் முடித்துவிடலாம். எட்டுப் பத்து உருப்படிகள்தான் இருக்கின்றன என்றால் பட்டை வரைபடமே மேல். நீளத்தை ஒப்பிடுவதில் நம் கண் துல்லியமானது, பரப்பை ஒப்பிடுவதில் தடுமாறும். புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கில்லும் 1984-இல் செய்த சோதனைகளிலும் இதே வரிசைதான் வந்தது. எல்லா உருப்படிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தாலும் வேண்டாம், ஓடு பதித்த தரை மாதிரி இருக்குமே தவிர ஒன்றும் புலப்படாது. மாதவாரிப் போக்கைக் காட்டக் கோட்டு வரைபடம் இருக்கிறது. உருப்படிகள் இருபதுக்கு மேல், இரண்டு அடுக்குப் படிநிலை, பெரியதும் சிறியதும் கலந்த மதிப்புகள் என்று மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் ட்ரீமேப் போடுங்கள்.

பரப்புக்கு எந்த எண்?

ட்ரீமேப்பில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகின்றன. பரப்புக்குக் கொடுக்கும் எண் கூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். குழந்தைக் கட்டங்களை, அதாவது உட்பிரிவுகளை, கூட்டினால் தாய்க் கட்டமான பிரிவு வர வேண்டும். விற்பனைத் தொகை, செலவு, எண்ணிக்கை, இருப்பின் மதிப்பு, வேலை நேரம் எல்லாம் கூட்டக்கூடியவை. லாப விகிதம், சராசரி விலை, திருப்தி மதிப்பெண், சதவீத வளர்ச்சி ஆகியவை கூட்டக்கூடாதவை. 20 சதவீதமும் 30 சதவீதமும் சேர்ந்து 50 சதவீதம் ஆகாது அல்லவா? அந்த எண்களுக்கு நிறம்தான் இடம்.

தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கை போன்றவை மேலோட்டமாகப் பார்த்தால் கூட்டலாம் போலத் தோன்றும். ஒரே ஆள் இரண்டு பிரிவுகளில் வாங்கியிருந்தால் இரண்டு கட்டத்திலும் எண்ணப்படுவார், மொத்தம் பொய்யாகிவிடும். ஆர்டர்களில் உள்ள பொருள் வரிசைகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

கீழே உள்ள சிறிய தரவை வைத்துக்கொண்டு மேலே போவோம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உண்மை வேலையில் இவ்வளவு குறைவான உருப்படிகளுக்கு ட்ரீமேப் தேவைப்படாது, வழிமுறை கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் ஒன்பதோடு நிறுத்தியிருக்கிறோம்.

கணினிச் சாதனங்கள்: மடிக்கணினி விற்பனை 300, லாபம் 24. பிரிண்டர் 140, நட்டம் 7. மானிட்டர் 80, லாபம் 8.
அறைகலன்: நாற்காலி 160, லாபம் 32. மேசை 110, நட்டம் 11. அலமாரி 40, லாபம் 12.
எழுதுபொருள்: காகிதம் 90, லாபம் 18. கோப்புறை 50, லாபம் 10. பேனா 30, லாபம் 9.

விற்பனை மொத்தம் 1000, லாபம் மொத்தம் 95.

“லாபத்தையே பரப்பாகப் போட்டால் என்ன?” என்று கேட்கத் தோன்றும். போட்டுப் பாருங்கள். எதிர்மறைப் பரப்பு என்று ஒன்று கிடையாது, ஆகவே பிரிண்டரும் மேசையும் படத்தில் வராது. மீதமுள்ள ஏழு கட்டங்களைக் கூட்டினால் 113 வரும், உண்மை லாபமோ 95. இரண்டு நட்ட உருப்படிகளையும் மறைத்துவிட்டு, லாபத்தையும் கூட்டிக் காட்டும் படம் அது. குறியை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் மொத்தம் 131 ஆகிவிடும். மேசையின் நட்டம் 11 ஒரு நல்ல லாபக் கட்டம் போல நிமிர்ந்து நிற்கும். விற்பனையைப் பரப்பாகவும் லாப விகிதத்தை நிறமாகவும் வைப்பதே சரி. விற்பனையிலேயே திரும்பிவந்த சரக்கால் எதிர்மறை எண்கள் இருந்தால், அவற்றைப் படத்துக்குக் கீழே தனிப் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.

தரவைச் சீர் செய்தல்

அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஓர் அடிமட்ட உருப்படி. முதல் நெடுவரிசையில் பிரிவு, அடுத்ததில் உட்பிரிவு, பிறகு விற்பனை, அதன்பின் லாபம். வரைவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘மொத்தம்’ என்ற வரிசை தரவுக்குள் இருக்கக்கூடாது. இருந்தால் அதுவும் ஓர் உருப்படியாகி, பாதிப் படத்தை விழுங்கிவிடும். படத்தில் சரியாகப் பாதி இடத்தை ஒரே கட்டம் பிடித்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பிரிவுப் பெயர்களில் எழுத்து வேறுபாடு, கடைசியில் ஒட்டிய இடைவெளி ஆகியவை ஒரே பிரிவை இரண்டாகப் பிளக்கும். ‘அறைகலன்’ ஒரு கட்டம், பின்னால் இடைவெளியோடு இன்னொரு ‘அறைகலன்’ வேறொரு கட்டம். மிகை இடைவெளியை நீக்கும் ட்ரிம் செயற்கூற்றை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

பிரிவு நிரப்பப்படாத வரிசைகளை நீக்காதீர்கள். ‘பிரிவு இல்லை’ என்று பெயரிட்டுச் சாம்பல் நிறம் கொடுங்கள். அந்தக் கட்டம் பெரிதாக இருந்தால், சரிசெய்ய வேண்டியது எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும்.

கடைசியாக, கட்டங்களின் கூட்டுத்தொகை கணக்குப் புத்தகத்தின் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அட்டவணைகளை இணைக்கும்போது ஒரு பொருளுக்கு இரண்டு பிரிவுகள் பொருந்திவிட்டால் விற்பனை இரட்டிப்பாகும். பட்டை வரைபடத்திலாவது அச்சில் எண் இருக்கும், கண்ணில் படும். ட்ரீமேப்பில் அச்சே இல்லை என்பதால் இந்தத் தவறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும்.

மென்பொருள் கட்டங்களை எப்படி அடுக்குகிறது

இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். தொடக்ககால முறை எளிமையானது: ஓர் அடுக்கை நெடுக்காக வெட்டு, அடுத்த அடுக்கைக் குறுக்காக வெட்டு. வரிசை மாறாது, ஆனால் சிறிய மதிப்புகள் ரிப்பன் போல நீண்டுவிடும். 2000-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் புரூல்ஸ், ஹைஸிங், வான் வைக் ஆகியோர் கட்டங்களைக் கூடியவரை சதுரமாக்கும் முறையைக் கொடுத்தார்கள். இன்று அறிக்கை மென்பொருள்களில் பரவலாக இருப்பது இதுவோ இதன் சாயலோதான்.

நம் தரவை 1000 × 600 பிக்சல் இடத்தில் வைத்துப் பார்ப்போம். மொத்தம் 6,00,000 சதுரப் பிக்சல், ஆக விற்பனையின் ஓர் அலகுக்கு 600. பெரியதிலிருந்து தொடங்க வேண்டும். கட்டங்களை இடத்தின் குட்டைப் பக்கத்தை ஒட்டி அடுக்க வேண்டும். இங்கே அது உயரம், அதாவது 600. கணினிச் சாதனங்கள் 520 அலகு, எனவே இடது ஓரத்தில் 520 × 600 கட்டம். நீள அகல விகிதம் ஏறக்குறைய 1.15. அதே பத்தியில் அறைகலனையும் சேர்த்தால் பத்தியின் அகலம் 830 ஆகி, முதல் கட்டம் 830 × 376 என்று தட்டையாகிவிடும், விகிதம் 2.2. மோசமாகிறது என்பதால் முதல் கட்டம் தனியாகவே நிற்கும்.

மிச்சம் 480 × 600. இப்போது குட்டைப் பக்கம் அகலம். அறைகலன் மேலே 480 × 387.5, எழுதுபொருள் கீழே 480 × 212.5. உள்ளே இருக்கும் உட்பிரிவுகளுக்கும் இதே கணக்குதான், தாய்க் கட்டத்தையே முழு இடமாக எடுத்துக்கொண்டு.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, பெரியது மேல் இடது மூலையில், சிறியது கீழ் வலது மூலையில். உங்கள் அகரவரிசை இங்கே செல்லாது. இரண்டாவது, வரைபடத்தின் அகலத்தை மாற்றினால் கட்டங்கள் இடம் மாறும். மடிக்கணினியில் பார்த்த படமும் கைபேசியில் பார்க்கும் படமும் ஒன்றாக இருக்காது. ‘மேல் வலது மூலையில் உள்ள கட்டத்தைப் பாருங்கள்’ என்று விளக்க உரையில் எழுதாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். மதிப்பு சற்றே மாறினாலும் வரிசை மாறி, அடுக்கு முழுதும் புரளலாம். ஆகவே போன மாத ட்ரீமேப்பையும் இந்த மாத ட்ரீமேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்வது படிப்பவரைத் தண்டிப்பது போல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தப் பெட்டி எப்போதும் நிரம்பியே இருக்கும். மொத்த விற்பனை பாதியாகக் குறைந்தாலும் எல்லாப் பிரிவுகளும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் படம் அச்சு அசலாக அதேதான். ஃபில்டர் போட்டு ஒரே பிரிவை எடுத்தாலும் அது முழுத் திரையையும் நிரப்பி ராஜா போல உட்காரும். எனவே மொத்த எண்ணைத் தலைப்பிலேயே, ஃபில்டருக்கு ஏற்ப மாறும்படி வையுங்கள்.

எக்செலில்

எக்செல் 2016 முதல் ட்ரீமேப் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் அதே கோப்பைத் திறந்தால் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில், ‘இந்தப் பதிப்பில் இந்த வரைபடம் கிடையாது’ என்ற பொருளில் ஒரு வரிதான் இருக்கும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குப் படமாக ஒட்டி அனுப்புங்கள்.

பிரிவு, உட்பிரிவு, விற்பனை என்ற மூன்று நெடுவரிசைகளையும் தலைப்போடு தேர்ந்தெடுங்கள். ஒரே பிரிவின் வரிசைகள் அடுத்தடுத்து இருக்கும்படி முன்னதாகவே வரிசைப்படுத்திவிடுங்கள். இன்செர்ட் தாவலில் ஹையரார்க்கி சார்ட் பொத்தானை அழுத்தி ட்ரீமேப்பைத் தேர்ந்தால் படம் வந்துவிடும். கட்டத்தின் மேல் வலது சொடுக்கு, ஃபார்மேட் டேட்டா சீரீஸ், அங்கே லேபிள் ஆப்ஷன்ஸ். இயல்பாக இருப்பது ஓவர்லாப்பிங்: பிரிவுப் பெயர் கட்டத்தின் மேலேயே எழுதப்படும். பேனர் என்று மாற்றினால் ஒவ்வொரு பிரிவின் தலையிலும் ஒரு பட்டையில் பெயர் வரும். கொஞ்சம் இடம் போனாலும் பேனர்தான் படிக்கச் சுலபம். லேபிளில் எண்ணும் வேண்டுமென்றால் லேபிளைத் தேர்ந்து, ஃபார்மேட் டேட்டா லேபிள்ஸில் வேல்யூ பெட்டியைக் குறியிடுங்கள்.

பிவட் டேபிளிலிருந்து (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) நேராக ட்ரீமேப் போட எக்செல் விடாது. தரவை வெளியே நகலெடுக்கச் சொல்லிப் பிழைச்செய்தி காட்டும். பிவட்டுக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு ஒவ்வொரு செல்லையும் சுட்டும் ஒரு நிழல் அட்டவணை வைத்து, அதிலிருந்து வரையுங்கள். பிவட்டின் மொத்த வரிசைகளைச் சேர்த்துச் சுட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்செலின் பெரிய குறை நிறம். பிரிவுக்கு ஒரு நிறம் தானாக வரும். லாப விகிதத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வசதி இந்த வரைபடத்தில் இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் இருமுறை சொடுக்கிக் கையால் நிறம் மாற்றலாம், ஆனால் அடுத்த மாதம் தரவு மாறும்போது அந்த நிறங்கள் பொய்யாகிவிடும். நிறத்தில் இரண்டாவது எண் வேண்டுமென்றால் வேறு மென்பொருளுக்குப் போவதுதான் நல்லது.

பவர் பிஐ

இது மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருள். ரிப்போர்ட் பக்கத்தில் ட்ரீமேப் குறியைச் சொடுக்குங்கள். கேட்டகரியில் பிரிவு, டீடெய்ல்ஸில் உட்பிரிவு, வேல்யூஸில் விற்பனை. டூல்டிப்ஸில் லாபம், லாப விகிதம் இரண்டையும் போட்டுவிடுங்கள். சிறிய கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தாலே விவரம் கிடைக்கும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டீடெய்ல்ஸில் ஏதாவது இருக்கும் வரை, நிறத்தை விதிப்படி மாற்றும் எஃப்எக்ஸ் பொத்தான் கலர்ஸ் பகுதியில் கிடைக்காது. நிறம் பிரிவின்படிதான் போகும். அளவீட்டின்படி நிறம் வேண்டுமென்றால் டீடெய்ல்ஸைக் காலி செய்யுங்கள். பிரிவையும் உட்பிரிவையும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கேட்டகரியிலேயே போட்டால் சொடுக்கி உள்ளே இறங்கும் வசதி கிடைக்கும். முதலில் மூன்று பிரிவுகள், ஒன்றைத் திறந்தால் அதன் உட்பிரிவுகள். இரண்டு அடுக்கும் ஒரே நேரத்தில் தெரியாது என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

லாப விகிதத்தை நெடுவரிசையாக வைக்காமல் மெஷராக, அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும் அப்போதே கணக்கிடப்படும் சூத்திரமாக, எழுதுங்கள்: லாபத்தின் கூட்டுத்தொகையை விற்பனையின் கூட்டுத்தொகையால் டிவைட் செயற்கூறு கொண்டு வகுக்க வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்பதை அறைகலனில் பாருங்கள். நாற்காலி 20 சதவீதம், மேசை −10, அலமாரி 30. இவற்றின் சராசரி 13.3. உண்மையில் லாபம் 33, விற்பனை 310, விகிதம் 10.6. இலக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி போட்டவரின் படத்தில் அறைகலன் இலக்கைத் தாண்டிய நிறத்தில் இருக்கும், சரியாகக் கணக்கிட்டவரின் படத்தில் இலக்குக்குக் கீழே. 40 அலகு விற்கும் அலமாரிக்கும் 160 விற்கும் நாற்காலிக்கும் சம எடை கொடுத்ததன் விளைவு இது.

டேப்லோ

இதுவும் ஓர் அறிக்கை மென்பொருள்தான். மார்க்ஸ் அட்டையில் வகையை ஸ்கொயர் என்று மாற்றுங்கள். விற்பனையை சைஸ் மீதும், பிரிவையும் உட்பிரிவையும் லேபிள் மீதும், லாப விகிதத்தை கலர் மீதும் இழுத்துப் போடுங்கள். ஷோ மீ வழியாகவும் போகலாம், ஆனால் அது எதை எங்கே வைக்கும் என்று யூகித்துக்கொண்டிருப்பதைவிடக் கையால் வைப்பது வேகமானது.

மார்க்ஸ் அட்டையில் எது மேலே இருக்கிறதோ அதுவே வெளி அடுக்கு. உட்பிரிவு மேலே ஏறிவிட்டால் பிரிவுகள் சிதறிக் கட்டங்கள் எல்லாம் ஒரே கூட்டமாகிவிடும். பிரிவை மேலே இழுத்தால் சரியாகும். நிற அமைப்பில் எடிட் கலர்ஸ், அதில் அட்வான்ஸ்ட் திறந்தால் தொடக்கம், முடிவு, மையம் மூன்றையும் நீங்களே கொடுக்கலாம். மூன்று அமைப்புகளிலும் நிறத்தை நுணுக்கமாகக் கையாளச் சுலபமானது இதுதான்.

கூகுள் ஷீட்ஸ் வேறு அமைப்பைக் கேட்கும்

இங்கே அடுக்குக்கு ஒரு நெடுவரிசை கிடையாது. முதல் நெடுவரிசையில் உருப்படி, இரண்டாவதில் அதன் தாய், மூன்றாவதில் அளவு, நான்காவதில் நிறத்துக்கான எண். பிரிவுகளும் தனித்தனி வரிசையாக வர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே தாய் இல்லாத ஒரே ஒரு வேர் வரிசையும் வேண்டும். நம் தரவுக்கு அது இப்படி இருக்கும்:

மொத்தம் | (காலி) | |
அறைகலன் | மொத்தம் | |
நாற்காலி | அறைகலன் | 160 | 20
மேசை | அறைகலன் | 110 | −10

உருப்படிப் பெயர் இரண்டு முறை வரக்கூடாது. அறைகலனிலும் ‘இதர’, எழுதுபொருளிலும் ‘இதர’ என்றால் தகராறுதான். ‘அறைகலன் – இதர’ என்று தாயின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். சொடுக்கினால் உள்ளே இறங்கும், வலது சொடுக்கினால் மேலே ஏறும். இந்த இரண்டாவது விஷயம் திரையில் எங்கும் எழுதியிருக்காது. படிப்பவருக்கு நீங்கள்தான் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.

நிறம்

நிறம் எதைச் சொல்கிறது என்பதை முதலில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். ‘நட்டமா லாபமா?’ என்பது கேள்வியென்றால் நிற அளவுகோலின் மையம் 0. ‘இலக்கை எட்டியதா?’ என்றால் மையம் 12. எண்களின் நடுப்புள்ளியை மென்பொருள் தானாக மையமாக்க விடாதீர்கள். நம் தரவில் மிகக் குறைவு −10, மிக அதிகம் 30, நடுப்புள்ளி 10. அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

இரண்டு முனைகளையும் மையத்திலிருந்து சம தூரத்தில் வையுங்கள். மையம் 12 என்றால் −3 முதல் 27 வரை. அதைத் தாண்டியவை எல்லாம் முழு அடர்த்தியில் நின்றுவிடும், அதில் தவறில்லை. முனைகளைத் தரவிடமே விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? 2 அலகு மட்டும் விற்ற ஓர் உருப்படி −180 சதவீதம் என்று வந்து அளவுகோலையே இழுத்துக்கொண்டு போய்விடும். மற்ற எல்லாக் கட்டங்களும் வெளிறி ஒரே நிறமாகத் தெரியும், அந்த உருப்படியோ கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய கட்டம். படம் திடீரென்று நிறம் இழந்தால் இதைத் தேடுங்கள்.

சிவப்பு, பச்சை ஜோடியைத் தவிருங்கள். இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்க வாய்ப்புண்டு. ஆரஞ்சு, நீலம் ஜோடி பாதுகாப்பானது. கறுப்பு வெள்ளையில் அச்சிடுவார்கள் என்றால் இரண்டு முனைகளும் ஒரே சாம்பலாகிவிடும். அப்போது விகிதத்தை லேபிளில் எண்ணாகவும் போட்டாக வேண்டும். அடர்ந்த கட்டத்தில் வெள்ளை எழுத்து, வெளிர் கட்டத்தில் கறுப்பு எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும்.

நிறம் ஏற்கெனவே விகிதத்துக்குப் போய்விட்டதால் பிரிவுகளைப் பிரித்துக் காட்ட நிறத்தை நம்ப முடியாது. அந்த வேலையைக் கோடுகளிடம் கொடுங்கள். உட்பிரிவுகளுக்கு இடையே 1 பிக்சல், பிரிவுகளுக்கு இடையே 3 அல்லது 4 பிக்சல் வெள்ளை இடைவெளி போதும்.

லேபிளும் சிறிய கட்டங்களும்

12 பிக்சல் எழுத்தில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் படிக்கும்படி இருக்க, கட்டம் சுமார் 100 × 30 பிக்சலாவது வேண்டும், அதாவது 3,000 சதுரப் பிக்சல். 1000 × 600 படத்தில் அது 0.5 சதவீதம். மொத்தத்தில் அரை சதவீதத்துக்குக் கீழே உள்ளவை லேபிளோடு தெரியப்போவதில்லை என்று இப்போதே முடிவு செய்துவிடலாம். தமிழில் பெயர் வைத்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கணக்கிடுங்கள். நம் எழுத்துகளுக்கு அகலம் அதிகம். ‘எழுதுபொருள் மற்றும் அலுவலகப் பயன்பாட்டுப் பொருட்கள்’ என்று கணக்குத் தலைப்பில் இருப்பதை அப்படியே போடாமல் ‘எழுதுபொருள்’ என்று சுருக்கி, முழுப் பெயரை டூல்டிப்பில் வையுங்கள். பிடிஎஃப் ஆக்கும் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் லேபிள்கள் வெறும் பெட்டிகளாக வரும், அனுப்புவதற்கு முன் ஒரு பக்கம் சோதித்துப் பாருங்கள்.

சிறியவற்றை ‘இதர’ என்று சேர்ப்பது நல்ல வழி, ஆனால் அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். எல்லாப் பிரிவுகளின் சில்லறையையும் ஒரே ‘இதர’வில் கொட்டினால் பிரிவுகளின் பரப்பு குறைந்து பொய்யாகும், பல சமயம் அந்த ‘இதர’வே எல்லாவற்றையும்விடப் பெரிதாகி மேல் இடது மூலையைப் பிடித்துவிடும். அதில் எத்தனை உருப்படிகள் என்பதையும் பெயரிலேயே சொல்லுங்கள்: ‘இதர 14’.

அடுக்குகள் இரண்டு போதும். மூன்றாவது அடுக்கை வரைவதைவிடச் சொடுக்கித் திறக்கும்படி வைப்பது மேல்.

மாற்றத்தைக் காட்ட வேண்டுமென்றால்

இந்த மாத விற்பனை பரப்பு, போன மாதத்தோடு ஒப்பிட்ட சதவீத மாற்றம் நிறம் என்று போடுவது வழக்கம். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. போன மாதம் 80 விற்று, இந்த மாதம் ஒன்றுகூட விற்காத மானிட்டரின் பரப்பு 0. அறிக்கையின் மிகப் பெரிய வீழ்ச்சி படத்திலேயே இருக்காது! சரிவைத் தேடும் அறிக்கையென்றால் போன மாத விற்பனையைப் பரப்பாக வையுங்கள். அப்போது மானிட்டர் தன் பழைய அளவிலேயே அடர் ஆரஞ்சில் நிற்கும். இதற்கும் ஒரு குறை உண்டு: இந்த மாதம் புதிதாக வந்த பொருள்கள் தெரியாது. அவற்றைப் பக்கத்தில் சிறு அட்டவணையாகக் கொடுங்கள். இந்த மாதத்தையே பரப்பாக வைத்திருந்தால், புதிய பொருளுக்கு மாற்றம் கணக்கிட 0-ஆல் வகுக்க நேரும். அந்தக் கட்டத்துக்குச் சாம்பல் நிறம் கொடுத்து ‘புதியது’ என்று எழுதுங்கள்.

டாஷ்போர்டில் ட்ரீமேப்பைத் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் ஒரு பட்டை வரைபடம் வைத்து, கட்டத்தைச் சொடுக்கினால் அந்தப் பிரிவின் உட்பிரிவுகள் அளவு வரிசையில் பட்டைகளாக வரும்படி இணையுங்கள். எங்கே பார்ப்பது என்பதை ட்ரீமேப் சொல்லும், எவ்வளவு என்பதைப் பட்டை சொல்லும். தலைப்பில் ‘விற்பனைப் பகுப்பாய்வு’ என்று பொதுவாக எழுதாமல், ‘விற்பனை 1000 · பரப்பு: விற்பனை · நிறம்: லாப விகிதம், இலக்கு 12%’ என்று எழுதுங்கள். அச்சே இல்லாத வரைபடத்துக்கு அந்த ஒரு வரிதான் அச்சு.